யெல்லோ ஜெர்சிய விடுங்க, டீமோட எட்டாவது ஆளப் பாருங்க

மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு அண்ணன் கேட்ருக்காரு. பையன் பதினொண்ணாவது படிக்கிறானாம், டூர் டி பிரான்ஸ் பாத்துட்டு விடியக்காலைல எந்திரிச்சு நீடாமங்கலம் வலங்கைமான்னு சைக்கிள எடுத்துக்கிட்டு கெளம்பிடுறானாம், ப்ரோ ரைடர் ஆகப்போறேன், ஸ்டேஜ் ரேஸ் ஓட்டப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறானாம். அது ஒரு பொழப்பா, அதுல சோறு கிடைக்குமா, எத்தன வயசு வரைக்கும் ஓடும், நம்ம ஊர்ல ஒரு மேடுகூட இல்லையே எப்படின்னு கேட்ருக்காரு. நல்ல கேள்விங்க அண்ணே, கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல பையன் டிவில பாக்குறது என்னன்னு புரிஞ்சுக்கணும். டூர் டி பிரான்ஸ்ங்கிறது 21 ஸ்டேஜ் (ஒரு ஸ்டேஜ்னா ஒரு நாள் ரேஸ்), நடுவுல ரெண்டு நாள் ரெஸ்ட், மொத்தம் 23 நாள், கிட்டத்தட்ட 3,400 கிலோமீட்டர் வரும். 1903ல ஆரம்பிச்சது. இதே மாதிரி இத்தாலில ஜீரோ டி இத்தாலியா, ஸ்பெயின்ல வுவெல்டா, இந்த மூணத்தான் கிராண்ட் டூர்னு சொல்றது. தினமும் ஜெயிக்கிறவன் ஒருத்தன், ஆனா எல்லா நாளோட டைமையும் கூட்டிப் பாத்து யாருக்கு கம்மியோ அவனுக்குத்தான் மஞ்ச ஜெர்சி. ஒரு ஸ்டேஜ்கூட ஜெயிக்காம மொத்த ரேஸ ஜெயிக்க முடியும், அதுக்கு ஆளும் இருக்கான். 1989ல அமெரிக்காக்காரர் கிரெக் லெமாண்ட் கடைசி நாள் டைம் ட்ரையல் (ஒவ்வொருத்தரா தனித்தனியாக் கெளம்பி க்ளாக்க எதுத்து ஓட்டுறது) ஆரம்பிக்கும்போது 50 செகண்ட் பின்னாடி, முடியும்போது 8 செகண்ட் முன்னாடி. மூணு வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல மிதிச்சு, வித்தியாசம் 8 செகண்ட். தோத்த லோரான் ஃபின்யோன் ரெண்டு தடவ டூர ஜெயிச்ச ஆளு, ஆனா இன்னைக்கும் அவர் பேரச் சொன்னா ஜனங்களுக்கு அந்த 8 செகண்ட்தான் ஞாபகம் வருது, பாவம்.

சரி, பையன் பாக்காதது என்ன? ஒரு டீமுக்கு 8 பேரு. 22, 23 டீம் வரும், ஆக 180 பேரு பக்கம் ஸ்டார்ட் பண்ணுவாங்க. இதுல மொத்த ரேஸ ஜெயிக்கணும்னு வந்தவங்க உண்மையிலேயே பத்து பேருக்குள்ளதான். இன்னும் கொஞ்சம் பேரு ஸ்பிரின்ட்டர், அதாவது கோடு பக்கத்துல வந்ததும் பாஞ்சு ஸ்டேஜ் ஜெயிக்கிறவன், இன்னும் கொஞ்சம் பேரு மலை ஸ்டேஜ் ஒண்ண அடிச்சிட்டுப் போலாம்னு வந்தவன். மிச்சம் நூத்துச் சொச்சம் பேரு வேலைக்கு வந்தவங்க. வேலைன்னா என்ன? லீடருக்கு காத்த மறைக்கிறது. கார்லேருந்து ஏழெட்டு பாட்டில ஜெர்சிக்குள்ள சொருகிக்கிட்டு முன்னாடி கொண்டு போய் குடுக்கிறது. லீடர் சைக்கிள் பஞ்சரானா தன்னோட வீல கழட்டிக் குடுக்கிறது, சில சமயம் சைக்கிளையே குடுக்கிறது. இவங்களுக்கு டொமெஸ்டிக்னு பேரு. நம்ம ஜில்லாக்காரங்களுக்குப் புரியறாப்ல சொல்லணும்னா நாயனத்துக்குப் பக்கத்துல ஒத்து பிடிச்சிக்கிட்டு நிப்பாரே, விடிய விடிய ஒரே ஸ்வரம், கை தட்டல் எல்லாம் நாயனக்காரருக்கும் தவிலுக்கும், ஆனா ஒத்து நின்னுச்சுன்னா கச்சேரியே நின்னுச்சு, அந்த ஆளு. (இப்ப ஒத்துக்குப் பதிலா சுருதிப்பெட்டி வந்துடுச்சு, சைக்கிள்ல இன்னும் அப்படி ஒரு பொட்டி வரல.)

ஏன் இத்தன பேரு ஒருத்தனுக்காக உழைக்கணும்னா காரணம் காத்து. சமதரைல 40 கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல போறப்ப நம்ம மிதிக்கிறதுல பெரும்பங்கு காத்தத் தள்ளத்தான் போகுது. முன்னாடி ஒருத்தன் போனா பின்னாடி ஒட்டி வர்றவனுக்கு 30 சதவீதத்துக்கு மேல மிச்சம், கூட்டத்துக்கு நடுவுல புகுந்துட்டா அதவிட ஜாஸ்தி. அப்ப அஞ்சு மணி நேர ஸ்டேஜ்ல லீடர் நாலரை மணி நேரம் ஒளிஞ்சு வந்துட்டு கடைசி அரை மணி நேர மலைல மட்டும் மொத்த பலத்தையும் எறக்குவான். ஸ்டேஜ் ரேஸ்ங்கிறது யாரு ஜாஸ்தி செலவு பண்றாங்கிற போட்டி இல்ல, யாரு 21 நாளும் கம்மியா செலவு பண்ணி சேத்து வச்சிருக்காங்கிற போட்டி.

பையன்கிட்ட செப் குஸ் கதையச் சொல்லுங்க. அமெரிக்காக்காரரு, கொலராடோ டுராங்கோ ஊரு. 2023ல அவரு மூணு கிராண்ட் டூரும் ஓட்டுனாரு. மே மாசம் ஜீரோல தன் டீம் லீடர் ப்ரிமோஷ் ரோக்லிச்ச ஜெயிக்க வச்சாரு, ஜூலைல டூர்ல இன்னொரு லீடர் யோனாஸ் விங்கெகோர ஜெயிக்க வச்சாரு, செப்டம்பர்ல வுவெல்டாவுல அந்த ரெண்டு பேருக்குமே வேலை பாக்க வந்தாரு. ஒரு நாள் முன்னாடி ஓடிப்போன கூட்டத்தோட போயி ஸ்டேஜ ஜெயிச்சு, ரெண்டு நாள் கழிச்சு செவப்பு ஜெர்சியும் (வுவெல்டாவுல மஞ்சளுக்குப் பதிலா அதுதான்) கைக்கு வந்துடுச்சு. அப்பறம் பாருங்க கூத்த, ஆங்லிருன்னு சுவரு மாதிரி ஏறுற மலைல சொந்த டீமோட ரெண்டு ஸ்டாரும் இவர விட்டுட்டு மேல போயிட்டாங்க, இவர் தட்டுத்தடுமாறி வந்து 8 செகண்ட்ல ஜெர்சியக் காப்பாத்திக்கிட்டாரு. ஊரு உலகமே அந்த ரெண்டு பேரையும் காறித் துப்புச்சு, வருஷம் பூரா உழைச்சவனுக்கு ஒரு தடவ விட்டுக் குடுக்க மாட்டீங்களான்னு. அதுக்கப்பறம்தான் டீம் உக்காந்து பேசி, குஸ்ஸத்தான் ஜெயிக்க வைக்கிறோம்னு முடிவு பண்ணாங்க. குஸ் முதல், விங்கெகோர் ரெண்டு, ரோக்லிச் மூணு. ஒரே வருஷத்துல மூணு கிராண்ட் டூரையும் ஒரே டீம் எடுத்தது அதுதான் முதல் தடவ. அப்பறம் குஸ் பழையபடி பாட்டில் தூக்கப் போயிட்டாரு. வருத்தமே இல்லாமத்தான் போனாருன்னு எனக்குத் தோணுது, அந்த மனசு இல்லாதவனால இந்தத் தொழில்ல பத்து வருஷம் ஓட்ட முடியாது.

வயசு கணக்கு கேட்டீங்க. 17, 18 வயசு ஜூனியர். 19லேருந்து 22 வரைக்கும் அண்டர் 23. இந்த அண்டர் 23ல டூர் டி லவ்னீர்னு ஒரு ஸ்டேஜ் ரேஸ் இருக்கு, 2017ல அத ஜெயிச்ச கொலம்பியாக்காரர் ஈகன் பெர்னால் 2019ல டூர ஜெயிச்சாரு, 2018ல ஜெயிச்ச ததேய் போகாச்சார் 2020ல டூர ஜெயிச்சாரு, அதுவும் கடைசிக்கு முந்துன நாள் டைம் ட்ரையல்ல, ரோக்லிச் கையிலேருந்து புடுங்கிட்டுப் போனாரு, ரேஸ் முடிஞ்சப்ப அவருக்கு 22 வயசு ஆக ஒரு நாள் பாக்கி. முன்னாடியெல்லாம் 27, 28 வயசுதான் உச்சம்னு சொல்லுவாங்க, இப்ப ஜூனியர்லயே டீம்காரங்க வந்து கையெழுத்து வாங்கிடறாங்க. இது நல்லதில்லன்னு என் கட்சி. 19 வயசுல வந்து 26ல மனசு விட்டுப் போயிடறவங்க ஜாஸ்தி ஆயிடுவாங்க. டாம் டூமுலான், 2017 ஜீரோ ஜெயிச்சவரு, 31 வயசுல போதும்னு எறங்கிட்டாரு. சைமன் யேட்ஸ் 2025 ஜீரோ ஜெயிச்சுட்டு 2026 ஜனவரில திடீர்னு ரிட்டயர் ஆயிட்டாரு. இன்னொரு பக்கம் அலெஹாந்த்ரோ வல்வெர்தே 42 வயசு வரைக்கும் ஓட்டுனாரு. ஆடம் ஹான்சன்னு ஆஸ்திரேலியாக்காரரு, பெரிய ஸ்டார் எல்லாம் கெடையாது, 2011லேருந்து 2018 வரைக்கும் ஒண்ணுகூட விடாம வரிசையா 20 கிராண்ட் டூர் முடிச்சாரு. பொதுவா ஒரு பத்து பன்னெண்டு வருஷம்னு வச்சுக்குங்க, அதுவும் விழுந்து எலும்பு ஒடையாம இருந்தா.

சைமன் யேட்ஸ்னு சொன்னேன்ல, அந்தக் கதைய விட்டுட்டுப் போக மனசு வரல. 2018 ஜீரோல 13 நாள் பிங்க் ஜெர்சி (ஜீரோவுல முதல்ல இருக்கிறவனுக்கு அதுதான்) போட்டிருந்தாரு, கொல்லே டெல்லே ஃபினெஸ்ட்ரேன்னு மேல பாதி மண் ரோடா இருக்கிற மலைல ஒரே நாள்ல காலு செத்துப்போயி 38 நிமிஷத்துக்கு மேல விட்டுட்டாரு. அதே நாள் கிறிஸ் ஃப்ரூம் 80 கிலோமீட்டர் தனியாப் போயி ரேஸையே தூக்கிட்டாரு. ஏழு வருஷம் கழிச்சு 2025ல அதே மலை, கடைசிக்கு முந்துன நாள். பிங்க் ஜெர்சில மெக்சிகோ சின்னப்பையன் இசாக் டெல் டோரோ, அவனுக்கு ரெண்டாவதா ரிச்சர்ட் கரபாஸ், மூணாவது யேட்ஸ். யேட்ஸ் எந்திரிச்சுப் போனாரு, இந்த ரெண்டு பேரும் ஒருத்தன் மூஞ்ச ஒருத்தன் பாத்துக்கிட்டே இருந்தாங்க, நீ தொரத்து நீ தொரத்துன்னு. யேட்ஸோட டீம்காரர் வவுட் வான் ஆர்ட் காலைலயே முன்கூட்டத்துல போயி மலைக்கு அந்தப் பக்கம் காத்துக்கிட்டு இருந்தாரு, யேட்ஸ் எறங்கி வந்ததும் அவர முதுகுல ஒட்ட வச்சுக்கிட்டு இழுத்துட்டுப் போயிட்டாரு. ஜெயிச்சது யேட்ஸ், ஆனா காலைல வான் ஆர்ட்ட முன்னாடி அனுப்புன ஆளோட மூளை இல்லாம அது நடந்திருக்காது.

காசுக்கு வரேன், அதான உங்க முதல் கவலை. டூர் ஜெயிச்சா 5 லட்சம் யூரோ, ஒரு ஸ்டேஜ் ஜெயிச்சா 11,000 யூரோ, ஆனா அந்தப் பரிசுப் பணத்த ஜெயிச்சவன் தனியா வச்சுக்கிறதில்ல, டீம்ல பிரிச்சுக்கிறது வழக்கம், மெக்கானிக் மசாஜ்காரரு வரைக்கும் பங்கு போகும். பொழப்பு சம்பளத்துலதான். வேர்ல்ட் டூர்ங்கிற டாப் லெவல்ல 18 டீம், ஒவ்வொண்ணுலயும் 30 பேரு வரைக்கும், அதாவது ஒலகம் பூரா ஐநூத்துச் சொச்சம் வேலை. அந்த லெவல்ல குறைஞ்சபட்ச சம்பளம் வருஷத்துக்கு 40,000 யூரோவுக்குக் கொஞ்சம் மேல. நம்ம ஊரு கணக்குல பெரிய தொகை, ஆனா அவன் இருக்கவேண்டியது ஐரோப்பால. அதுக்குக் கீழ கான்டினென்டல் டீம்னு இருக்கு, அங்க சம்பளமே இல்லாம ஓட்டுறவனும் உண்டு. காண்ட்ராக்ட் ஒண்ணு ரெண்டு வருஷம்தான். டீம் பேரே ஸ்பான்சர் பேருதான், ஸ்பான்சர் போனா டீமே போச்சு, 2025 முடிவுல ஆர்கேயான்னு ஒரு பிரெஞ்சு டீம் இழுத்து மூடிட்டாங்க, பெல்ஜியத்துல ரெண்டு டீம் ஒண்ணாச் சேந்துடுச்சு, அப்ப எத்தன பேருக்கு வேலை போயிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

விழுறது, ஊக்கமருந்து சமாச்சாரம் ரெண்டையும் சுருக்கமா சொல்லிடறேன். 70, 80 கிலோமீட்டர் ஸ்பீடுல மலை எறங்கும்போது உடம்புல இருக்கிறது மெல்லிசு துணி. 2023ல ஜீனோ மேடர்னு சுவிஸ் ரைடர் டூர் டி சுவிஸ்ல எறக்கத்துல விழுந்து செத்துப்போனாரு, 26 வயசு. ஃப்ரூம் 2019லயும் பெர்னால் 2022லயும் விழுந்து உயிர் பொழைச்சதே பெருசு, ரெண்டு பேருமே பழைய ஃபார்முக்கு முழுசா வரல. மருந்துன்னா லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் கதை தெரியும், ஏழு டூர் டைட்டிலையும் 2012ல புடுங்கிட்டாங்க. இப்ப ரத்த பாஸ்போர்ட்னு வச்சு வருஷக்கணக்கா ரத்தத்தோட அளவுகள கண்காணிக்கிறாங்க. டாப் ரைடர் தினமும் ஒரு மணி நேரம் எங்க இருப்பேன்னு முன்கூட்டியே எழுதிக் குடுக்கணும், பன்னெண்டு மாசத்துல மூணு தடவ ஆளக் காணும்னா தடை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அட்ரஸ் குடுத்துட்டுத்தான் போகணும்.

இப்ப நம்ம ஊருக்கு வரேன், இதுதான் எனக்குப் புடிச்ச கேள்வி. மலை இல்லையே எப்படின்னு கேட்டீங்க. விங்கெகோர் எந்த ஊரு தெரியுமா? டென்மார்க். அந்த நாட்டோட உச்சியே 170 மீட்டர் சொச்சம்தான். அவரு ப்ரோ ஆகுறதுக்கு முன்னாடி ஹான்ஸ்தோல்ம்ங்கிற கடற்கரை ஊர்ல மீன் கம்பெனில காலைல மீன் வெட்டி ஐஸ் போட்டு பேக் பண்ணிட்டு மதியானம் ட்ரெய்னிங் போன ஆளு. நாகப்பட்டினம் துறைமுகத்துல வேலை பாத்துக்கிட்டு வேதாரண்யம் ரோட்டுல ட்ரெய்னிங் போறாப்லன்னு வச்சுக்குங்களேன். அந்த ஆளு 2022லயும் 2023லயும் ஆல்ப்ஸ், பைரனீஸ் மலைங்கள்ல எல்லாரையும் விட்டுட்டுப் போயி டூர ஜெயிச்சாரு. மலை ஏறுறதுக்கு வேணுங்கிறது ஒரு கிலோ உடம்பு எடைக்கு எத்தன வாட்ஸ் (மிதிக்கிற பலத்தோட அளவு) குடுக்க முடியும்ங்கிறது. டாப் க்ளைம்பர் அரை மணி நேரத்துக்கு கிலோவுக்கு 6 வாட்ஸுக்கு மேல விடாமப் புடிப்பான், 60 கிலோ ஆளுன்னா 360 வாட்ஸ். அந்த எஞ்சின சமதரைல எதுத்தகாத்துல மிதிச்சும் கட்டலாம். ஆடி மாசம் மன்னார்குடிலேருந்து மேற்க பாத்து தஞ்சாவூர் வரைக்கும் மிதிச்சுப் பாக்கச் சொல்லுங்க, அதுவே மலைதான். என்ன, மலைல எப்படி வளைவு எறங்குறது, மூச்ச எப்படி பங்கு போடுறதுங்கிற பழக்கம் தனி, அதுக்கு எப்பவாச்சும் பச்சமலைக்கோ, 70 கொண்டை ஊசி வளைவு இருக்கிற கொல்லிமலைக்கோ கூட்டிட்டுப் போங்க.

அதவிட பெரிய விஷயம், டெல்டா காத்து ஒரு பள்ளிக்கூடம். பக்கவாட்டு காத்துல பின்னாடி ஒட்டுனா மறைவு கிடைக்காது, சாய்வாத்தான் நிக்கணும், ரோடு அகலத்துக்கு ஒரு பத்து பதினஞ்சு பேருதான் சாய்வு வரிசைல நிக்க முடியும், மிச்சவன் ரோட்டோரத்துல காத்து வாங்கிக்கிட்டு ஒருத்தன் ஒருத்தனா அறுந்து விழுவான். 2013 டூர்ல 13வது ஸ்டேஜ், கிட்டத்தட்ட சமதரை ஸ்டேஜ், ஸ்பெயின் ஸ்டார் கான்டடோரோட டீம்காரங்க பக்கக்காத்துல கூட்டத்த அறுத்துவிட்டு மஞ்ச ஜெர்சில இருந்த ஃப்ரூமுக்கே ஒரு நிமிஷத்துக்கு மேல பாக்கி வச்சாங்க. அன்னைக்கு வீல் பிரச்சனைல பின்தங்குன வல்வெர்தே பத்து நிமிஷம் கிட்ட விட்டாரு, அவரு கனவு அங்கயே முடிஞ்சுது. திருத்துறைப்பூண்டிலேருந்து நாகப்பட்டினம் பக்கம் வடக்க பாத்து போறப்ப மேக்கத்தி காத்து இடது கைப்பக்கம் அடிக்கும், நாலு பசங்க சேந்து அங்க சாய்வு வரிசை பழகலாம், லாரி இல்லாத நேரமாப் பாத்து, ரோட்டோட பாதிக்குள்ளயே நின்னு. ஐரோப்பாப் பசங்க இதக் கத்துக்கவே பெல்ஜியத்துக்கும் ஹாலந்துக்கும் போறானுங்க.

சாப்பாட்டப் பத்தி ஒரு வார்த்தை, நம்ம ஊர்ல ஸ்போர்ட்ஸ்னா சோத்தக் கொறைன்னு ஒரு கூட்டம் கெளம்பும். மலை ஸ்டேஜ் அன்னைக்கு 6,000 கலோரி தாண்டி எரியும். காலைலயே சோறுதான், ஓட்டும்போதும் மணிக்கு 90லேருந்து 120 கிராம் மாவுச்சத்து, ஜெல்லு, தண்ணில கலந்த பவுடர், அப்பறம் சோத்தக் கொழைச்சு கட்டியா அழுத்தி வெட்டி காகிதத்துல சுத்துன துண்டு. ஆமாண்ணே, அரிசிதான். வயிறு அவ்வளவையும் தாங்கப் பழகணும், அதுவும் ட்ரெய்னிங்தான். கடைசி வாரத்துல பசி இல்லாதப்பவும் தின்ன முடியுறவன்தான் பாரிஸ் போய்ச் சேருறான். வெயில் விஷயத்துல நம்ம பையனுக்கு ஒரு சின்ன அனுகூலம், அவனுங்க ஐஸ்கட்டிய துணில கட்டி முதுகுல போட்டுக்கிட்டு ஓட்டுற வெயில் நமக்கு சாதாரண சித்திரை.

நெலமையையும் மறைக்காம சொல்லணும். இதுவரைக்கும் ஒரு இந்தியன்கூட டூர் டி பிரான்ஸ் ஸ்டார்ட் லைன்ல நின்னதில்ல. நம்ம நாட்டுல டெல்லி வெலோட்ரோம் (சைக்கிள் ரேஸுக்குன்னே கட்டுன வட்ட ட்ராக்கு) வச்சு ட்ராக் சைக்கிளிங்குக்கு ஓரளவு வழி இருக்கு, ரோட்டுக்கு வழி கம்மி. 2026 ஜனவரில புனேல சர்வதேச கேட்டகரில ஸ்டேஜ் ரேஸ் நடத்துனாங்க, அது நல்ல சேதி. எரித்ரியாவுலேருந்து வந்த பினியம் கிர்மாய் 2024 டூர்ல மூணு ஸ்டேஜும் பாயின்ட்டுக்குக் குடுக்கிற பச்ச ஜெர்சியும் எடுத்தாரு, அந்த நாட்டுல சைக்கிள் ரேஸ் பல தலைமுறையா தெருவுல நடக்குது, அதுதான் வித்தியாசம். அண்டர் 23 வயசுலயே ஐரோப்பாவுக்குப் போகாம அந்த லெவல எட்டுறது ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆஸ்திரேலியாக்காரர் ஜே வைன் ஸ்விஃப்ட்டுன்னு வீட்டுக்குள்ள ட்ரெய்னர்ல ஓட்டுற ஆன்லைன் போட்டில ஜெயிச்சு காண்ட்ராக்ட் வாங்கி 2022 வுவெல்டாவுல ரெண்டு ஸ்டேஜ் அடிச்சாரு, ஆனா அவரும் அதுக்கு முன்னாடி உள்ளூர் ரேஸ் நெறைய ஓட்டுனவரு.

அதனால என் யோசனை, பன்னெண்டாவத விடாம முடிக்கட்டும். மூணு லட்ச ரூபா கார்பன் சைக்கிள் இப்ப வேணாம், சைசு சரியான அலுமினிய ரோடு பைக்கு, நல்ல டயரு, ஹெல்மெட்டு, பின்னாடி செவப்பு லைட்டு போதும். இருநூறு கிலோமீட்டர் பதிமூணரை மணி நேரத்துல முடிக்கிற பிரெவே ரைடு எல்லாம் நம்ம பக்கத்து ஆளுங்க போறாங்க, நல்ல விஷயம், ஆனா அது ரேஸ் இல்ல, அத முடிச்சுட்டு நான் ரேஸர்னு நெனச்சுக்கக் கூடாது. ஸ்டேட் மீட்ல ஜூனியர் டைம் ட்ரையல்ல எறங்கட்டும், க்ளாக்கு பொய் சொல்லாது. நேஷனல்ல மெடல் வரைக்கும் போயிட்டா ரயில்வே, மிலிட்டரி சர்வீசஸ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டால வேலை வாங்குன சைக்கிள்காரங்க இருக்காங்க, அது கையில இருக்கிற நெசமான வழி, ஐரோப்பா அதுக்கப்பறம். அடுத்த ஜூலைல டூர் பாக்குறப்ப மஞ்ச ஜெர்சிய விட்டுட்டு ஏதாச்சும் ஒரு டீமோட எட்டாவது ஆள 21 நாளும் ஃபாலோ பண்ணச் சொல்லுங்க, எந்த கிலோமீட்டர்ல முன்னாடி வரான், எப்ப கழண்டுக்கிறான், டைம் கட் ஆயிடாம (ஜெயிச்சவனுக்கு அப்பறம் குறிச்ச நேரத்துக்குள்ள வரலன்னா ரேஸ விட்டு வெளில) எப்படி கடைசிக் கூட்டத்தோட வந்து சேருறான்னு. அதப் பாத்துட்டும் இந்த வேலை எனக்கு வேணும்னு சொன்னான்னா மேல பேசலாம்.

அறுவடை சமயத்துல ரோட்டுல நெல்லு காயப்போட்டிருப்பாங்க, அது மேல சன்ன டயரு ஏறி பிரேக்கு புடிச்சா கண்டிப்பா விழுவான், அத மட்டும் சொல்லி வைங்க. அப்பறம் ஜூனியர்ல எறங்க வயசு சான்று கேப்பாங்க, பர்த் சர்டிஃபிகேட்டும் ஆதாரும் ஒரே தேதில இருக்கான்னு இப்பவே பாத்துடுங்க அண்ணே.